பனிப்புயலும் 48 மணி நேரக் கணக்கும்

அமெரிக்காவில் ஒரு பனிப்புயலை அதிபர் பேரிடராக அறிவித்தார் என்று செய்தி வந்த அன்றே, "நமக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான பனிப்புயல்களில் வீடுகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. பணம் போவது ஊர் நிர்வாகத்துக்கும், நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டிக்கும், மாநிலத்துக்கும். சாலையில் பனி தள்ளிய வண்டி, கொட்டிய உப்பு, இரவு முழுக்க ஓட்டிய ஊழியரின் ஓவர்டைம், இவற்றுக்கான செலவில் ஒரு பகுதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. வீடுகளுக்கும் பணம் வந்த புயல்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்தது அப்படிப்பட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஊருக்கான பணம். கவனிப்பாரில்லாமல் நழுவிப்போகிற தொகை அங்கேதான் அதிகம். சின்ன ஊர் ஒன்றின் சாலைத் துறையில் பத்துப் பேர் இருப்பார்கள். புயல் நேரத்தில் அத்தனை பேரும் வண்டியில் இருப்பார்கள், கணக்கு எழுத ஆள் இருக்காது. மூன்று மாதம் கழித்து, மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் அதிகாரி வந்து "எந்த வண்டி, எத்தனை மணி நேரம், யார் ஓட்டினார்?" என்று கேட்கும்போது நினைவிலிருந்து சொன்னால் செல்லாது. பனி தள்ளும்போதே எழுதிய கணக்குக்குத்தான் பணம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1988-ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்ட் சட்டம். பேரிடர் எவை என்று சொல்லும் இடத்தில் சூறாவளி, நிலநடுக்கம், வறட்சியோடு பனிப்புயலையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அறிவிப்பில் இரண்டு வகை. ஒன்று அவசரநிலை: உயிரைக் காக்கவும் சொத்தைக் காக்கவும் உடனடி உதவி, ஒரு நிகழ்வுக்குத் தொடக்க வரம்பு 50 லட்சம் டாலர்; அதைத் தாண்டினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றது பெரும் பேரிடர்: சேதத்தைச் சீர்செய்வது வரை நீளும் உதவி. இரண்டையும் மாநில ஆளுநர்தான் கேட்க வேண்டும். மேயர் நேரடியாக அதிபருக்கு எழுத முடியாது. அவசரநிலைக்குத் தேவை எழுந்த 5 நாளுக்குள்ளும், பெரும் பேரிடருக்கு நிகழ்வு நடந்த 30 நாளுக்குள்ளும் கோரிக்கை போக வேண்டும். அதற்கு முன்பே ஆளுநர் மாநிலத்தின் அவசரத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும்.

இதுவரை எல்லாப் பேரிடருக்கும் பொது. பனிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதவு இருக்கிறது. பெய்த பனி, அரசு ஆவணங்களின்படி, அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சாதனையை, அதாவது இதுவரை பதிவான உச்ச அளவை, எட்டியிருக்க வேண்டும், அல்லது அதை நெருங்கியிருக்க வேண்டும். நெருங்குவது என்றால் பொதுவாகச் சாதனையிலிருந்து 10 சதவீதத்துக்குள். 1 நாள், 2 நாள், 3 நாள் என்று அதே கால அளவுக்கான பழைய சாதனையோடு ஒப்பிடுவார்கள். ஒரு கவுண்டியின் 2 நாள் சாதனை 30 அங்குலம் என்றால் 27 அங்குலம் பெய்தால் தேறும். 25 பெய்தால் தேறாது. பக்கத்துக் கவுண்டி தேறியிருந்தால் அதை ஒட்டியிருக்கும் கவுண்டியைச் சேர்த்துக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு. ஆனால் அங்கும் அளந்த எண்தான் பேசும்.

ஏன் இப்படி ஒரு கதவு? பனி தள்ளுவது வட மாநிலங்களின் அன்றாட வேலை, அதற்கென்று ஆண்டுதோறும் பட்ஜெட் உண்டு, வழக்கமான குளிர்காலச் செலவை மத்திய அரசு ஏற்க முடியாது என்பது வாதம். வாதம் சரிதான். ஆனால் பனியின் உயரத்தை மட்டும் அளந்து புயலின் கொடுமையை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை. 1977 ஜனவரி இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைப் புதைத்த புயலைப் பாருங்கள். அந்தப் புயல் நாட்களில் புதிதாகப் பெய்தது சுமார் 12 அங்குலம்தான். டிசம்பரிலேயே உறைந்துவிட்ட ஈரி ஏரியின் மேல் வாரக்கணக்கில் தூளாகக் கிடந்த பனியை, மணிக்கு 69 மைல் வரை வீசிய காற்று அள்ளிக்கொண்டுவந்து நகரின் மேல் கொட்டியது. வீடுகள் கூரை வரை மூழ்கின, 29 பேர் இறந்தார்கள். அதிபர் கார்ட்டர் முதலில் அவசரநிலையும் பிறகு பெரும் பேரிடரும் அறிவித்தார். இன்றைய சாதனைக் கணக்கை அன்று வைத்திருந்தால், பனி அகற்றும் பணம் பஃபலோவுக்குக் கிடைத்திருப்பது மிகக் கடினம். ஏரிக்கரையில் ஏற்கெனவே சாதனை எண்கள் மிக உயரத்தில் இருக்கின்றன. 2022 நவம்பரில் அதே ஈரி கவுண்டியின் ஹாம்பர்க்கில் ஒரே புயலில் 80 அங்குலத்துக்கும் மேல் கொட்டியது. அடுத்த தலைமுறைக்கு இதுவும் ஓர் எல்லைக்கோடாக நிற்கும்.

விதி மாறும் வரை, அளப்பதைச் சரியாகச் செய்வதுதான் ஊர் கையில் இருக்கிறது. தரையில் ஸ்கேலைக் குத்திப் படம் எடுத்து அனுப்புவது அளவாகாது. வெள்ளைப் பெயின்ட் அடித்த, ஒன்றரை முதல் 2 அடிச் சதுரப் பிளைவுட் பலகையை, கட்டடமும் மரமும் காற்றைத் திருப்பாத திறந்த இடத்தில் வைக்க வேண்டும். புதுப்பனியை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மேல்மட்டத்துக்கே திரும்ப வைக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது. பனி தன் எடையில் தானே அமுங்கும். மணிக்கொரு முறை துடைத்து அளந்து கூட்டினால் தொகை ஊதிப்போகும், தேசிய வானிலைச் சேவை அந்த எண்ணைத் தள்ளிவிடும். நாளுக்கு ஒருமுறை மட்டும் அளந்தால் அமுங்கி இளைத்த எண்தான் கிடைக்கும். சாதனைக்கு ஓர் அங்குலம் குறையும் இடத்தில் இந்த வித்தியாசம் பல லட்சம் டாலர். காற்று சுழற்றியடிக்கும்போது ஒரே பலகையை நம்பாமல், மேடும் பள்ளமுமாகப் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

உங்கள் கவுண்டியில் வானிலைச் சேவையின் அதிகாரபூர்வக் கூட்டுறவு அளவீட்டாளர் யார், எங்கே இருக்கிறார் என்று அவசரகால மேலாண்மை அலுவலகம் அக்டோபரிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கோகோராஸ் என்ற தன்னார்வ அளவீட்டு வலையில் சேர யாருக்கும் தடையில்லை. பயிற்சி பெற்று, தினமும் தவறாமல் அனுப்பப்படும் அந்த அளவுகள் தேசியத் தரவுத் தொகுப்புக்கும் போகின்றன. பெரிய கவுண்டியின் ஒரு மூலையில் மட்டும் 5 அடி கொட்டியிருக்கும், விமான நிலையத்தில் 10 அங்குலம்தான் பதிவாகியிருக்கும். ஏரியிலிருந்து வரும் பனிப்பட்டை சில மைல் அகலமே இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். அந்த மூலையில் அளக்க ஆள் இல்லையென்றால் கோரிக்கைக்கு ஆதாரமில்லை. தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குச் செய்யக்கூடிய மிக மலிவான உதவிகளில் இதுவும் ஒன்று.

அளவு தேறினாலும் செலவும் தேற வேண்டும். மக்கள்தொகையில் ஆளுக்கு இவ்வளவாவது செலவாகியிருக்க வேண்டும் என்று மாநிலத்துக்கு ஒரு கணக்கு, கவுண்டிக்கு ஒரு கணக்கு. 2025 நிதியாண்டில் மாநிலத்துக்கு ஆளுக்கு 1.89 டாலர், கவுண்டிக்கு ஆளுக்கு 4.72 டாலர், ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப இது உயரும். 2020 மக்கள்தொகையை வைத்துப் பெருக்கினால் நியூயார்க் மாநிலம் சுமார் 3.8 கோடி டாலர் செலவைக் காட்ட வேண்டும். ஈரி கவுண்டி தனியாக 45 லட்சம் டாலர். மக்கள்தொகை குறைந்த வயோமிங் மாநிலத்துக்கோ சுமார் 10.9 லட்சம் டாலர் போதும். மாநிலத்தின் ஒரே மூலையைத் தாக்கும் ஏரிப்பனி, மக்கள்தொகை பெருத்த மாநிலங்களில் இந்தப் படியிலேயே தடுக்கி விழுவதுண்டு. நியூயார்க் நகரத்து மக்கள் தலையும் சேர்ந்துதானே பெருக்கப்படுகிறது. அதனால் ஒவ்வொரு சிற்றூரின் கணக்கும் மாநில அலுவலகத்துக்கு முக்கியம். "நம்ம ஊரில் 60 ஆயிரம்தானே, எதற்கு அனுப்பணும்?" என்று விட்டுவிடும் ஊர்கள் சேர்ந்தால் மாநிலம் எல்லைக்கோட்டுக்குக் கீழே நின்றுவிடும்.

எந்த 48 மணி நேரம்?

பனியின் அளவு, செலவு என்ற இரண்டு கதவும் திறந்த பிறகு கிடைப்பது, தொடர்ச்சியான 48 மணி நேரத்துக்கான பனி அகற்றும் செலவு மட்டும். பனி தள்ளுதல், உப்பும் மணலும் தூவுதல், பனியை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுதல் எல்லாம் இந்த 48 மணி நேர ஜன்னலுக்குள் அடங்க வேண்டும். சாதனையைப் பாதிக்கும் மேலாக, அதாவது 50 சதவீதத்துக்கும் அதிகமாகத் தாண்டிய கவுண்டிகளுக்கு இன்னும் 24 மணி நேரம் நீட்டிக்கலாம். தேடி மீட்பது, முகாம் நடத்துவது போன்ற உயிர்காக்கும் வேலைகளுக்கு இந்த ஜன்னல் கிடையாது. நிகழ்வுக் காலம் முழுவதற்கும் கேட்கலாம்.

ஜன்னல் எப்போது தொடங்குகிறது என்பதை ஊரே தேர்ந்தெடுக்கலாம். கவுண்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்குள் இருக்கும் நகரம் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரே நிர்வாகத்தின் எல்லாத் துறைகளும் ஒரே 48 மணி நேரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். சாலைத் துறைக்கு ஒன்று, காவல் துறைக்கு ஒன்று என்று பிரிக்க முடியாது.

பலர் சறுக்குவது இங்கேதான். முதல் பனித்துகள் விழுந்த நேரத்திலிருந்து 48 மணி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். 2022 டிசம்பர் 23 அன்று பஃபலோவில் தொடங்கிய புயலில் கண்மறைக்கும் காற்றும் பனியும் 37 மணி நேரம் விடாமல் நீடித்தன. 47 பேர் இறந்த அந்தப் புயலில், மீட்கப்போன வண்டிகளே சிக்கிக்கொண்டன. அப்படிப்பட்ட நேரத்தில் பனி தள்ளும் வண்டி வெளியே போகவே முடியாது, போனாலும் தள்ளிய இடம் உடனே மூடிக்கொள்ளும். பெரிய செலவு காற்று அடங்கிய பிறகுதான்: பனி அள்ளும் இயந்திரங்கள், வாடகை டிப்பர் லாரிகள், வெளியூர் ஒப்பந்தக்காரர்கள். புயல் தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஜன்னலின் முக்கால்வாசி வெறுமையாகப் போய்விடும்.

இதற்கு ஒரு எளிய வழி: செலவை நாள்வாரியாக எழுதாமல் மணிவாரியாக எழுதுங்கள். ஒரு விரிதாளில் வரிசைக்கு ஒரு மணி நேரம், நிரல்களில் ஓவர்டைம், வண்டி, உப்பு, ஒப்பந்தம். பிறகு 48 வரிசைகளின் கூட்டுத்தொகையை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போனால் உச்சம் எங்கே இருக்கிறது என்று தானே தெரியும். நாள்கணக்காக மட்டும் எழுதி வைத்த ஊருக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்ற ஜன்னலைத் தவிர வேறு வழியில்லை.

எதற்குப் பணம், எதற்கு இல்லை

தகுதியான செலவில் மத்திய அரசு குறைந்தது 75 சதவீதம் தரும். மீதி 25 மாநிலமும் ஊரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. எந்த விகிதம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சம்பளத்தில், ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கும் ஊழியரின் வழக்கமான பணிநேரத்துக்குப் பணம் கிடையாது, ஓவர்டைமுக்கு மட்டுமே உண்டு. புயலுக்கென்று தற்காலிகமாக எடுத்த ஆளுக்கு இரண்டும் உண்டு. ஓவர்டைம் விதி புயலுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். "மத்திய அரசுப் பணம் வந்தால் ஒன்றரை மடங்கு" என்று நிபந்தனை போட்டு எழுதிய விதி செல்லாது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஊர் அப்படித்தான் கொடுக்கும் என்று இருக்க வேண்டும். மாத ஊதிய மேலாளர்களுக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதையும் அதே ஆவணம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சொந்த வண்டிகளுக்கு ஃபீமாவின் மணிவாடகைப் பட்டியல் இருக்கிறது. இதில் இரண்டு விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. ஓட்டுநரின் வழக்கமான பணிநேரத்துக்குச் சம்பளம் கிடைக்காவிட்டாலும், அதே நேரத்தில் ஓடிய வண்டிக்கு வாடகை கிடைக்கும். "அவர் ஷிப்டில்தானே இருந்தார்" என்று வண்டியையும் சேர்த்து விட்டுவிடுவது பெரிய நஷ்டம். இரண்டாவது, டிப்பர் லாரி, அதன் முன்னால் மாட்டிய பனிக்கலப்பை, பின்னால் இருக்கும் உப்புத் தூவி, மூன்றுக்கும் பட்டியலில் தனித்தனி வரி உண்டு. லாரியை மட்டும் எழுதினால் மற்ற இரண்டும் போயிற்று. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது: அந்த வாடகைக்குள்ளேயே டீசல், எண்ணெய், டயர், பராமரிப்பு எல்லாம் அடங்கிவிட்டன. டீசல் பில்லைத் தனியாக வைத்தால் ஒரே செலவை இரண்டு முறை கேட்டதாகும். இன்ஜின் ஓடிக்கொண்டு சும்மா நின்ற நேரத்துக்கும் பணம் இல்லை. தணிக்கையாளர் முதலில் செய்வது, வண்டியின் மணிக்கணக்கையும் ஓட்டுநரின் மணிக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஓட்டுநர் 12 மணி நேரம் வேலை செய்த நாளில் வண்டி 16 மணி நேரம் ஓடியதாக எழுதியிருந்தால், இன்னொரு ஓட்டுநரின் பெயர் இருந்தாக வேண்டும்.

உப்புக்குக் கொள்முதல் ரசீது மட்டும் போதாது. அது போன ஆகஸ்டில் வாங்கியதாக இருக்கும். ஜன்னல் தொடங்கும்போது கொட்டகையில் எவ்வளவு, முடியும்போது எவ்வளவு, நடுவில் எந்த வண்டி எத்தனை டன் ஏற்றியது என்ற பதிவு வேண்டும். ஏற்றும் இயந்திரத்தில் எடைக்கருவி இல்லாத ஊர்கள் ஒரு வாளிக்கு எத்தனை டன் என்று முன்கூட்டியே எடைபோட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, வாளிகளை எண்ணினால் போதும்.

ஒப்பந்தக்காரர் விஷயத்தில்தான் கொடுத்த பணத்தையே திருப்பிக் கேட்கும் நிலை வருகிறது. "செலவு எவ்வளவோ அதன் மேல் 15 சதவீதம் லாபம்" என்ற வகை ஒப்பந்தத்துக்கு மத்தியக் கொள்முதல் விதியில் முழுத் தடை. மணிக்கணக்கு ஒப்பந்தம் வேறு வழியில்லாத நேரத்துக்கு மட்டும், அதுவும் உச்சவரம்புத் தொகையோடு. ஏலமில்லாமல் நேரடியாக ஒருவரைக் கூப்பிடலாம். ஆனால் உயிர் ஆபத்து இருக்கும் வரைதான். ஆம்புலன்ஸ் போகும் வழி திறந்த பிறகும் அதே ஆளை அதே விலைக்கு வைத்திருந்தால் விளக்கம் சொல்ல முடியாது. செப்டம்பரிலேயே விலைப்புள்ளி கேட்டு, இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களோடு தேவைப்பட்டால் மட்டும் அழைக்கும் ஒப்பந்தம் போட்டு வைப்பதே நல்லது. பக்கத்து ஊர் உதவிக்கு வண்டி அனுப்பினால் அந்தச் செலவும் தகுதியானது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் சிக்கல் இல்லை. தன்னார்வலர்கள் செய்த தகுதியான வேலையின் மணிநேரத்தைக் கையெழுத்தோடு பதிவு செய்தால், அதன் மதிப்பை ஊரின் 25 சதவீதப் பங்கில் கழித்துக்கொள்ளலாம். முகாமில் சாப்பாடு பரிமாறிய கோயில், சங்கத் தொண்டர்களிடம் ஒரு வருகைப்பதிவுத் தாள் வாங்கி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை, வருத்தமாக இருக்கிறது.

விதிமுறைக்கு வெளியே நிற்பவை: வரி வருவாய் இழப்பு, கடைகள் மூடிய நஷ்டம், குடியிருப்பு வளாகத்தின் தனியார் சாலை, வசந்தத்தில் தெரியவரும் சாலைக்குழிகள்.

ஒரு கணக்குக்கு, ஓர் ஊர் தேர்ந்தெடுத்த ஜன்னலில் ஓவர்டைம் 1,20,000 டாலர், வண்டி 2,00,000, ஒப்பந்தம் 90,000, உப்பு 40,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,50,000. மத்திய அரசு 3,37,500 தரும், மீதி 1,12,500. ஆனால் இந்தப் பணம் புயல் வாரத்தில் வராது. 2014 நவம்பர் நடுவில் பஃபலோவின் தென்புறத்தைப் புதைத்த பனிக்குப் பெரும் பேரிடர் அறிவிப்பே டிசம்பர் 22 அன்றுதான் வந்தது. அதற்குப் பிறகுதான் விண்ணப்பம், கூட்டம், சரிபார்ப்பு. அதுவரை ஊர் தன் கைப்பணத்தில் ஓட வேண்டும்.

அறிவிப்பில் உங்கள் கவுண்டி இடம்பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் ஊர் நிர்வாகம் பொது உதவிக்கான விண்ணப்பத்தை ஃபீமாவின் இணையத் தளத்தில் போட வேண்டும். அதற்கு மத்திய அரசின் நிறுவன அடையாள எண் தேவை; அது காலாவதியாகிக் கிடப்பதை இந்த 30 நாளுக்குள் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. பிறகு ஃபீமா அதிகாரியோடு திட்டக்கூட்டம், அது நடந்து 60 நாளுக்குள் முழுச் சேதப் பட்டியல். 10 லட்சம் டாலரைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறது, 2022-ல் அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். அதற்குக் கீழே சின்னத் திட்டம், நடைமுறை எளிது. அதற்கு மேலே பெரிய திட்டம், ஒவ்வொரு ரசீதும் பார்க்கப்படும். சின்னத் திட்டம்தானே என்று காகிதங்களைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், தணிக்கை பின்னால் வரக்கூடும்.

இன்னொரு முக்கியமான பிரிவு. அறிவிப்பு "பனிப்புயல்" என்ற வகையில் வந்தால்தான் மேலே சொன்ன பனி அகற்றும் பணம். "கடும் குளிர்காலப் புயல்" என்ற வகையில் மட்டும் வந்தால், சாதனை அளவு தேவையில்லை. ஆனால் பனி தள்ளியதற்கும் பொதுவாகப் பணம் இல்லை. அறுந்த மின்கம்பியைச் சரிசெய்யப் போகும் வழியில் கிடந்த பனியைத் தள்ளியது போன்ற இணைவேலைக்கு மட்டும் கிடைக்கும். உறைமழை பெய்து மரமும் கம்பமும் முறியும் தென் மாநிலங்களில் இந்த வகைதான் அதிகம். 2009 ஜனவரி இறுதியில் கென்டக்கியில் அப்படிப்பட்ட உறைமழையில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. அங்கே பெரிய பயனாளிகள் கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்கள், லாபநோக்கற்ற அமைப்பாக அவை தகுதி பெறுகின்றன. ஒவ்வொரு கம்பத்துக்கும் இருப்பிட எண்ணோடு படமும், புயலுக்கு முந்தைய பராமரிப்புப் பதிவும் இல்லையென்றால் "ஏற்கெனவே உளுத்துப்போன கம்பம்" என்று கழித்துவிடுவார்கள்.

கால்நடைக்கு ஃபீமா இல்லை, வேளாண் துறை. 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்கில், குளிர்கால ரோமம் வளராமல் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்ற மாடுகள் மேல் முதலில் மழையும் பிறகு அடிக்கணக்கில் பனியும் விழுந்து பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. அப்போது இழப்பீட்டுத் திட்டத்துக்கான சட்டம் காலாவதியாகியிருந்தது. அரசு அலுவலகங்களும் நிதியில்லாமல் பூட்டிக் கிடந்தன. 2014 பிப்ரவரியில் வந்த வேளாண் சட்டம் அந்தத் திட்டத்தை முன்தேதியிட்டு நிரந்தரமாக்கியது. சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். அன்று பணம் வாங்க முடிந்தவர்கள், அலுவலகம் பூட்டியிருந்தபோதும் காதுவில்லை எண் தெரியும்படி தேதியோடு படமெடுத்து, கால்நடை மருத்துவரிடமோ மூன்றாம் நபரிடமோ கையெழுத்து வாங்கி, சடலம் அகற்றியவரின் ரசீதைப் பத்திரப்படுத்தியவர்கள்.

வீட்டுக்கு எப்போது வரும்

அறிவிப்பில் தனிநபர் உதவி என்ற பகுதியும் உங்கள் கவுண்டியின் பெயரும் சேர்ந்து இருந்தால் மட்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போய், குழாய்கள் உறைந்து வெடித்து, கூரையும் சுவரும் ஊறிப்போயின. மாநிலக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். பிப்ரவரி 19 அன்று வந்த பெரும் பேரிடர் அறிவிப்பில் முதலில் 77 கவுண்டிகளுக்குத் தனிநபர் உதவி கிடைத்தது, பிறகு இன்னும் சேர்த்தார்கள். வட மாநிலப் பனிக்கு இது அரிது, ஏனென்றால் அங்கே சேதம் சாலையில்தான், வீட்டுக்குள் குறைவு.

கிடைத்தால் என்ன செய்வது? முதலில் இன்சூரன்ஸ். வெடித்த குழாயும் பனிப்பாரத்தில் இறங்கிய கூரையும் வழக்கமான வீட்டுப் பாலிசியில் பெரும்பாலும் அடங்கும். உருகிய பனி தரைவழியாகப் புகுந்தால் அது வெள்ளம், அதற்குத் தனிப் பாலிசி. இன்சூரன்ஸ் கொடுத்ததையே ஃபீமா மறுபடி கொடுக்காது. ஆனால் இன்சூரன்ஸ் எழுத்தில் மறுத்த கடிதமோ போதாத தொகைக்கான கடிதமோ இருந்தால்தான் ஃபீமா மீதியைப் பார்க்கும். அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் 1-800-621-3362 எண்ணிலோ இணையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே. வாடகைக்கு விட்ட இரண்டாவது வீட்டுக்கு இல்லை. 2025 நிதியாண்டில் வீட்டுக்கு உச்சவரம்பு 43,600 டாலர், மற்றத் தேவைகளுக்கு இன்னொரு 43,600. உச்சவரம்பு என்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு வருவது இதில் சிறு பகுதி. குளிர்பெட்டியில் கெட்ட உணவுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாக அமைப்பு தரும் பேரிடர்க் கடன்: வீட்டுக்கு 5 லட்சம் டாலர் வரை, உடைமைகளுக்கு 1 லட்சம் வரை, தொழிலுக்கு 20 லட்சம் வரை. பெயரில் சிறுதொழில் இருந்தாலும் வீட்டு உரிமையாளரும் வாடகைக்காரரும் வாங்கலாம். அதிபர் அறிவிக்காவிட்டாலும், ஒரு கவுண்டியில் குறைந்தது 25 வீடுகளோ தொழில்களோ இன்சூரன்ஸ் இல்லாத 40 சதவீத இழப்பைச் சந்தித்திருந்தால், ஆளுநர் கேட்டு இந்தக் கடனைத் திறக்க முடியும்.

நம் ஆட்கள் அதிகம் குழம்புவது விசாவில். ஃபீமாவின் பணஉதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதி, தஞ்சம் பெற்றவர் போன்ற சில பிரிவினருக்கும் மட்டும். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் தன் பெயரில் வாங்க முடியாது. ஆனால் அதே வீட்டில் 18 வயதுக்கு உட்பட்ட, இங்கே பிறந்த குழந்தை இருந்தால், குழந்தையின் சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்து, குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். கையெழுத்திடும் உறுதிமொழியில் குழந்தையைத்தான் தகுதியுள்ளவராகக் காட்ட வேண்டும். தன்னையே குடிமகன் என்று தவறுதலாகக் குறித்துவிட்டால் பின்னால் குடிவரவு வழக்கில் பெரிய சிக்கலாகும். அந்தக் கட்டத்தை நிதானமாகப் படித்துவிட்டு நிரப்புங்கள். முகாம், உணவு, தண்ணீர், மனநல ஆலோசனை, இலவசச் சட்ட உதவி போன்ற பணமல்லாத உதவிகளுக்கு விசா தடையில்லை.

மறுப்புக் கடிதம் வந்தால் பதறாமல் முதல் பக்கத்தில் இருக்கும் காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இன்சூரன்ஸ் கடிதம் வரவில்லை, குடியிருப்புச் சான்று பொருந்தவில்லை, விண்ணப்பத்தில் பெயரும் ஆவணத்தில் பெயரும் வேறாக இருக்கிறது என்பதாகவே இருக்கும். தந்தை பெயரை முதலெழுத்தாகவும் குடும்பப் பெயராகவும் மாற்றி மாற்றி எழுதும் நமக்கு இந்த மூன்றாவது காரணம் அடிக்கடி வரும். கடிதத் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். மேல்முறையீட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதி, பிளம்பரின் கையெழுத்திட்ட மதிப்பீடு, மின்கட்டண ரசீது, பெயர் வேறுபாட்டை விளக்கும் ஒரு பத்தி, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.